பதினேழாவது வீடியோ

அப்பாவின் இடது கட்டைவிரல் ஓரத்து வெடிப்பில் இருந்த கறுப்பு மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. மகள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சோப்பைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். கிண்ணத்து வெந்நீர் இரண்டாவது முறையாக ஆறிப்போயிருந்தது. மற்ற ஒன்பது விரல்களும் சுத்தமாகி, பேனா பிடித்தே காலத்தை ஓட்டிய யாரோ ஒருவரின் விரல்களைப் போல ஆகிவிட்டிருந்தன. அது அவளுக்குப் பிடிக்கவும் இல்லை.

"விடுடி," என்றாள் அம்மா. கட்டிலின் மறுபக்கம் நின்று அவருடைய சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். "என்னைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே அது இருந்துச்சு. கல்யாண போட்டோவுல பாரு, தெரியும்."

"தேய்ச்சா போயிடும்மா."

"இருபத்தெட்டு வருஷமா நான் தேய்க்காததா? விடு. அது இல்லேன்னா வேற யாரோ மாதிரி இருப்பார்."

மகள் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டாள். காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் உயிர் விட்டவர், பத்து மணிக்கு வீட்டுக்கு வந்திருந்தார். சாயந்தரம் மூன்றரை மணிக்கு எடுப்பது என்று சித்தப்பா முடிவுசெய்து, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். இவளுக்குக் கிடைத்தது கை. அம்மாவுக்குச் சட்டை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருந்தது. அதற்குள் ஒரு தாங்கியின் மேல் ஒரு ரோட்டரி எஞ்சின் முழுசாகப் பூட்டிய நிலையில் நின்றது. மற்ற எஞ்சின்களில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வந்து மூச்சு வாங்கும். இதில் வயிறு ஊதிய முக்கோணம் ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அந்த முக்கோணத்தின் மேல் அப்பாவுக்கு வந்தது காதல் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் மெக்கானிக் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில், ஆள் உயரத் துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். பழைய இரும்புக் கடையில் தேய்ந்துபோன எஞ்சின் ஒன்றை நாற்பதாவது வயதில் பார்த்தார், வீட்டுக்குக் கொண்டுவந்தார், பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆனது. "வேலையிலயும் சுத்தற மெஷின், வீட்டுக்கு வந்தாலும் சுத்தற மெஷின், நீங்க மட்டும் ஒரு இடத்துக்கும் என்னைக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்ட மாட்டீங்க," என்பாள் அம்மா. அவர் சிரித்துக்கொண்டே ஷெட்டுக்குப் போய்விடுவார்.

தனக்கு இரண்டு வருஷம் பிடித்தது அடுத்தவனுக்கு இரண்டு மாதத்தில் வர வேண்டும் என்றுதான் வீடியோ போட ஆரம்பித்தார். மொத்தம் பதினெட்டு வீடியோ. மகள் படம் பிடிப்பாள். பிறகு உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாள். எஞ்சினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சம் தெரியும், கை எங்கே வரும் என்று தெரியும். வீடியோவில் அவர் அவளைக் கூப்பிடுவது ஒரே பெயரால்தான்: "கேமரா, கொஞ்சம் கீழ வா." "கேமரா, என் தலையை எடுக்காத, பல்லை எடு. என் பல்லை இல்ல, கியர் பல்லை." அதனால் பார்க்கிற நாற்பதாயிரம் பேருக்கும் அவள் கேமராதான். அவர் முக்கோண அண்ணன்.

கூடத்தில் சித்தப்பாவின் குரல் ஓங்கிக் கேட்டது. அப்பாவின் தம்பி, பத்திரப்பதிவு அலுவலகத்தில் பத்திரம் எழுதுபவர், எதையும் உரக்கப் படிக்காமல் அவரால் இருக்க முடியாது. காலையில் இவளுடைய போனை வாங்கி, அண்ணன் காலமானார் என்றும் வீட்டு முகவரியும் நேரமும் சேனலில் போட்டவர் அவர்தான். இப்போது வந்து விழும் பதில்களை, நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கேளுங்க. 'படிச்ச என்ஜினியர் பத்து பேர் வீடியோ பாத்தேன், தலையும் புரியல வாலும் புரியல. அண்ணன் ஒரு தடவை சொன்னார், என் பொண்டாட்டிக்கே புரிஞ்சிடுச்சு.' யாரோ ஒருத்தர் வெளிநாட்டுல இருந்து." சித்தப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இன்னொருத்தர். 'பின்னணியில பாட்டு கிடையாது. லைக் போடுங்கன்னு கெஞ்சினது கிடையாது. போல்ட்டை முறுக்குற சத்தமும் அண்ணன் குரலும் மட்டும்தான். தூக்கம் வராத நாள்ல போட்டுட்டுப் படுத்துடுவேன்.'"

"தூங்கறதுக்கா வீடியோ போட்டான்?" என்று யாரோ கேட்டார்கள்.

"இருங்க, இவன் நம்ம கட்சி. 'இந்த எஞ்சின் பெட்ரோல் குடிக்கும், ஆயில் குடிக்கும், கடைசியில ஓனரோட ரத்தத்தையும் குடிக்கும். எனக்குத் தெரியும். ஆனா அண்ணன் அதைத் தடவிக் குடுக்கறதைப் பாத்தா, நமக்கும் ஒண்ணு இருந்தா என்னன்னு தோணிடுது. பாவி மனுஷன்.'" சித்தப்பா போனை மடியில் இறக்கினார். "எல்லாரும் அண்ணன் அண்ணன்னு எழுதியிருக்காங்கப்பா. நான் ஒருத்தன்தான் தம்பின்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்."

பச்சை வண்டி என்ற பெயரில் எழுதுகிறவர் ஒன்று எழுதியிருந்தார். சித்தப்பா அதை இரண்டு முறை வாசித்தார். 'மௌன அஞ்சலி எல்லாம் அண்ணனுக்குச் சரிப்படாது. இன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்கு, எங்க இருந்தாலும், எல்லாரும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க. அவருக்குப் புரியற பாஷை அதுதான்.' கீழே முந்நூறு பேருக்கு மேல் சரி சொல்லியிருந்தார்கள். ஒருவர் டாக்சி ஓட்டுபவர்: 'என்னோடது இன்னும் ஒரு தடவைகூட ஓடினதில்ல. நாலு வருஷமா ஒவ்வொரு பாகமா சேத்து, பதினேழாவது வீடியோ பாத்து போன வாரம்தான் பூட்டினேன். முதல் ஸ்டார்ட் அண்ணனுக்கே.'

கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு எஞ்சினுக்கும் மிக்சிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் அதைக் கேட்டதும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகளுக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பாவைப் பற்றி அவ்வளவு பெருமையாக இருந்தது.

இரண்டு மணிக்கு வாசலில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் அளவு பார்க்கும் டயல் கேஜ் மாதிரி ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே வந்து அப்பாவின் அருகில் வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து, அந்தக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, மகளிடம் வந்தார்.

"நீங்கதானே கேமரா?"

"ஆமா சார்."

"நான் லாரி பிரேக் வேலை செய்யறவன். வீடியோவுக்குக் கீழ எழுதுவேன். 'சரிபார்க்கவும்'னு பேரு."

மகளுக்கு முகம் இறுகிவிட்டது. வீட்டில் அவருக்கு வேறு பெயர். நொட்டைக்காரர். பதினெட்டு வீடியோவிலும் குறை கண்டுபிடித்தவர். முறுக்கும் வரிசை சரியில்லை, வெளிச்சம் போதவில்லை, மூன்றாவது நிமிஷத்தில் சொன்ன அளவும் பன்னிரண்டாவது நிமிஷத்தில் சொன்ன அளவும் ஒத்துப்போகவில்லை. "உங்க நொட்டைக்காரர் எழுதிட்டாரா?" என்று அம்மா கிண்டல் செய்வாள். அப்பா மட்டும் அவருடையதை முதலில் தேடிப் படிப்பார்.

ஐந்து வாரத்துக்கு முன்பு அவர் எழுதியதுதான் மகளுக்கு ஆறவே இல்லை. 'பதினேழாவது வீடியோவில் முன்பக்க போல்ட்டை இறுக்கியபின் நீங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துச் செய்தேன். என் பேரிங் நசுங்கிவிட்டது. உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை.' அப்போது அப்பா படுக்கையில் விழுந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. போனை நெஞ்சின் மேல் வைத்து, ஒற்றை விரலால், 'தப்பு என்னுது சார். எழுந்து உக்கார முடிஞ்சதும் திருத்தம் போடறேன்,' என்று பதில் எழுதினார்.

"நீ எதுக்குப்பா மன்னிப்புக் கேக்கறே? அவருக்கு வேலையே குறை சொல்றதுதான்," என்று இவள் கத்தினாள்.

"அவர் சொல்றது சரிதானேம்மா." போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அந்தப் பதினேழு, வெட்டாதது, முழுசா உன்கிட்ட இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"இருக்கட்டும். அழிச்சிடாத."  அதன்பிறகு அவர் எழுந்து உட்காரவே இல்லை.

இப்போது அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே தட்டையான ஒரு வளையம். அதைச் சுற்றி ஊசி ஊசியாக உருளைகள். ஒரு பக்கம் கோணிப் பிதுங்கியிருந்தது.

"இதை அவர்கிட்ட நேர்ல காட்டணும்னு வெச்சிருந்தேன். சண்டைக்கு இல்லம்மா. அவர் கையில குடுத்தா ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து பாத்திருப்போம்." டப்பாவை மூடினார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. நான் பாக்கறது உங்கப்பா வீடியோ மட்டும்தான். மத்தவங்களுக்கெல்லாம் குறை சொல்ல எனக்கு நேரம் கிடையாது. ஒரு சின்ன வாஷரைப் போட்டாக்கூட மூணு தடவை தொட்டுப் பாக்கிற மனுஷன், இவ்வளவு முக்கியமான இடத்துல எப்படி விட்டார்?"

"உடம்பு முடியல சார் அப்ப."

"தெரியாதும்மா எனக்கு. தெரிஞ்சிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அஞ்சு மணிக்கு எல்லாரும் ஸ்டார்ட் பண்றாங்களாமே. அதுல பதினேழைப் பாத்துப் பூட்டினவங்க எத்தனை பேர்? பேரிங் நழுவியிருந்தா, புது எஞ்சின் ஒரு நிமிஷம் தாங்காது. மத்தியானம் எழுதிப் பாத்தேன். 'செத்த அன்னைக்குமாடா குறை சொல்லுவே'ன்னு திட்டிட்டாங்க. அதுவும் நியாயம்தான். அப்புறம் இரங்கல் செய்தி ஆயிரம் வந்து, நான் எழுதினது எங்கேயோ கீழ போயிடுச்சு."

டாக்சிக்காரரின் நாலு வருஷம் மகளுக்கு ஞாபகம் வந்தது. மணி இரண்டே முக்கால்.

அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மடிக்கணினியில் பதினேழின் முழுப் பதிவைத் தேடி எடுத்தாள். அதை அவள் வெட்டிய விதம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. திரையின் அடியில் ஒலி ஒரு கோடாக ஓடும். பேச்சு என்றால் சின்னச் சின்ன மேடு. இருமல் என்றால் கோடு மேலும் கீழும் பாய்ந்து கறுத்துத் தடித்துவிடும். கேட்க வேண்டியதே இல்லை, பார்த்தாலே தெரியும். கடைசி நான்கு வீடியோக்களை அவள் அப்படித்தான் வெட்டினாள். சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, தடித்த இடம் எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு வெட்டு, எங்கே முடிகிறதோ அங்கே ஒரு வெட்டு. அந்த இருமலைப் படம் பிடிக்கும்போது ஒரு முறை கேட்டதே போதும், மறுபடி கேட்க அவளால் ஆகாது. உலகத்துக்கும் அது தெரிய வேண்டாம் என்று நினைத்தாள். வீடியோவில் அப்பா ஒரு நாளும் இருமியதில்லை.

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை ஏற்றினாள்.

திரையில் அப்பா முன்பக்க போல்ட்டை இறுக்கி முடித்துக் கருவியைக் கீழே வைத்தார். இருமினார். தாங்கியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார்.

"பூட்டியாச்சுன்னு கிளம்பிடாதீங்க." இருமல். "இந்தத் தண்டைக் கையால தள்ளுங்க. இழுங்க. ஒரு மயிரிழை அசையணும்." இருமல். கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினார். "டிக்குன்னு விரலுக்குத் தெரியும். தெரியுதா? அசையலேன்னா, உள்ள ஊசி பேரிங் நழுவி நடுவுல மாட்டியிருக்குன்னு அர்த்தம். அப்படியே ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. அலுத்துக்காம திறங்க." பிறகு வந்தது நீளமான இருமல். முகத்தைத் திருப்பிக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்க இருமினார். படம் லேசாக ஆடியது. 

அவர் நிமிர்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, நேராக இவளைப் பார்த்தார்.

"கேமரா, இருமலை வெட்டிக்கோ. சொன்னதை வெட்டிடாத. எவனாவது ஆசை ஆசையாக் கட்டி வெச்சிருப்பான்."

"சரிப்பா," என்றது இவளுடைய குரல். "போதும்பா, உக்காரு."

மகள் அந்த இடத்தில் நிறுத்தினாள். அன்றைக்கு அவளுக்குக் கேட்டது இருமல் மட்டும்தான். அன்று மாலையே டாக்டரிடம் போனார்கள். ஒரு வாரம் பரிசோதனை, பயம், அலைச்சல். வெட்ட உட்கார்ந்தபோது இது நினைவில் இல்லவே இல்லை. தடித்த கோடு இரண்டு நிமிஷத்துக்கு நீண்டிருந்தது. முழுசாக எடுத்துவிட்டாள். அப்பா இதைக் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்து, 'தப்பு என்னுது சார்' என்று எழுதியிருக்கிறார். இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை என்பது இன்னும் மோசமாக இருந்தது.

இருமலை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று முயன்று பார்த்தாள். 'அசையணும்' என்ற சொல்லின் பாதி இருமலுக்குள் இருந்தது. 'திறங்க' என்பதற்கும் அடுத்த இருமலுக்கும் நடுவே மூச்சுவிடும் இடைவெளி கூட இல்லை. எங்கே கத்தரி வைத்தாலும் சொல் அறுந்தது.

கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள். போர்வை தேடி வந்தவள், திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இப்பப் போயி இதைத் திறந்து வெச்சுக்கிட்டிருக்கே?"

மகள் சொன்னாள். பேரிங், ஐந்து மணி, டாக்சிக்காரர், தான் வெட்டியது, எல்லாவற்றையும் தாறுமாறாகச் சொன்னாள். அம்மாவுக்குப் பேரிங் பிடிபட்டதோ இல்லையோ, செய்தி பிடிபட்டது.

"எழுதிப் போட்டுடு. போதும்."

"அந்த சார் எழுதிப் பாத்துட்டார்மா. யாரும் படிக்கல. இன்னைக்கு அப்பா சொன்னாத்தான் கேப்பாங்க."

"அப்ப இருமலை எடுத்துட்டுப் போடு."

"எடுக்க வரலம்மா. பேச்சோட ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அப்ப வேணாம்." அம்மா போர்வையை உதறி மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்ததைத்தான் உதறி மறுபடியும் மடித்தாள். "அந்த இருமலை மூணு மாசம் ராத்திரி ராத்திரி நான் ஒருத்திதான் கேட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு ஜன்னலைச் சாத்தி வெச்சேன். காலையில இருந்து உன் சித்தப்பா படிக்கிறாரே, அண்ணன் சிங்கம், அண்ணன் தெய்வம்னு. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. இன்னைக்கு ஒரு நாள். நாப்பதாயிரம் பேருக்கு இருமிக் காட்டணுமா அவர்?"

 அம்மா சொல்வதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை என்றுதான் மகளுக்குப் பட்டது. ஒரு இயர்போனைக் கழற்றி நீட்டினாள். அம்மா வாங்குவதா வேண்டாமா என்று நின்றாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காதில் வைத்துக்கொண்டாள்.

மகள் அந்த இரண்டு நிமிஷத்தை மறுபடி ஓடவிட்டாள். நீண்ட இருமல் வந்தபோது அம்மாவின் கை தானாக உயர்ந்து, முதுகைத் தடவிக்கொடுப்பது போல மடியில் இருந்த போர்வையைத் தடவியது. கடைசியில் 'சரிப்பா' என்று மகளின் குரல் வந்தது. படம் நின்றது.

"நீ சரின்னு சொல்றியே," என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

வெளியே யாரோ நாற்காலிகளை நகர்த்தினார்கள். சித்தப்பா யாரிடமோ போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரின்னு சொல்லிட்டு அப்புறம் என்ன?" அம்மா இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "போடு. முழுசாவே போடு. வெட்டறேன் ஒட்டறேன்னு நிக்காத, மணி ஆச்சு."

மகள் தலைப்பில் 'ஸ்டார்ட் செய்யும் முன் இதைப் பாருங்கள்' என்று எழுதினாள். அதன் கீழே: 'பதினேழாவது வீடியோவில் அப்பா இதைச் சொல்லியிருந்தார். வெட்டியது நான். தப்பு அவருடையது இல்லை. தண்டை அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் இன்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். கேமரா.' வீடியோ ஏறுவதைக் காட்டும் நீலக்கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. பாதியைத் தாண்டுவதற்குள் சித்தப்பா கதவைத் தட்டினார்.

"வண்டி வந்துடுச்சும்மா."

போனை மேசையில் விட்டுவிட்டு அவள் போனாள். தூக்கும்போது தலைப்பக்கம் சித்தப்பாவும், நொட்டைக்காரரும் நின்றார்கள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவராக வந்து தோள் கொடுத்தார். "கொஞ்சம் இடது பக்கம் ஏத்துங்க, சாயுது," என்றார். சரியாகத்தான் சொன்னார், சாய்ந்துகொண்டுதான் இருந்தது.

எல்லாம் முடிந்து வண்டியில் திரும்பும்போது சித்தப்பா தன் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"என்னம்மா இது? இன்னைக்குப் போய் அண்ணன் தப்பை ஊருக்கெல்லாம்..."

"அவர் தப்பு இல்ல சித்தப்பா. கீழ எழுதியிருக்கேனே, படிங்க."

சித்தப்பா படித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, வாய்க்குள்ளேயே படித்தார். முன் இருக்கையில் இருந்த நொட்டைக்காரர் அவரிடமிருந்து போனை வாங்கி, காதோடு வைத்து இரண்டு நிமிஷமும் கேட்டார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லியிருக்கார்," என்றார். "எனக்குத் தப்பு என்னுதுன்னு எழுதினாரே."

"ஆமா சார்."

"நானும் அதை அப்படியே எடுத்துக்கிட்டேனே." 

வீட்டுக்கு வந்தபோது ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. மேசைமேல் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கே வந்திருந்தது. மகள் அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். அம்மாவும் நொட்டைக்காரரும் பின்னால் வந்தார்கள். சித்தப்பா வாசலில் நின்றுகொண்டார். அந்த ஷெட்டுக்குள் அண்ணன் இல்லாமல் நுழைய அவருக்கு மனசு வரவில்லை.

ஐந்து அடித்ததும் படங்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தது ஒரு கை. கறுப்பு படிந்த, தடித்த கை. தண்டைப் பிடித்துத் தள்ளியது, இழுத்தது. 'அசையுது அண்ணா' என்றது ஒரு குரல். பிறகு எஞ்சின் ஓடியது. அடுத்தது ஒரு பெண்ணின் கை; நகத்தில் சிவப்புச் சாயம், மேலே கிரீஸ். அசைந்தது. ஓடியது. பச்சை வண்டிக்காரர், ஏற்கெனவே ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை நிறுத்தி, முன்பக்கம் கழற்றி, அசைத்துக் காட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தார். தேவையே இல்லாத வேலை. 'அண்ணன் மூச்சைப் பிடிச்சுச் சொல்லியிருக்கார், பாக்காம இருக்க முடியுமா' என்று எழுதியிருந்தார். வெவ்வேறு ஊர்களின் வெயிலிலும் மழையிலும் கைகள் வந்துகொண்டே இருந்தன. சின்ன ஒலிபெருக்கிக்குள்ளிருந்து எஞ்சின்களின் இரைச்சல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஷெட் முழுக்க நிறைந்தது. இருமலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மகள் டாக்சிக்காரரின் பெயரை மட்டும் தேடிக்கொண்டிருந்தாள். ஐந்து பத்துக்கு அது வந்தது. படம் இல்லை, எழுத்து மட்டும்.

'தள்ளிப் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன். அசையல. திறந்துட்டிருக்கேன். அண்ணனுக்கு இன்னைக்கு என் வண்டி சத்தம் போடாது. மன்னிச்சுக்கச் சொல்லுங்க.'

அவள் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். நொட்டைக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு பையிலிருந்த டப்பாவை எடுத்து, அப்பாவின் கருவிகள் வரிசையாகத் தொங்கிய பலகையின் கீழே, காலியாக இருந்த ஓர் இடத்தில் வைத்தார். வைத்தது கோணலாக இருக்கிறது என்று நேராக்கி வைத்தார்.

அம்மா தாங்கியின் மேல் இருந்த எஞ்சினின் அருகில் போனாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. வீட்டுக்கு வந்த இன்னொருத்தியைப் பார்ப்பது போலத்தான் அதைப் பார்ப்பாள்.

"எதைத் தள்ளச் சொன்னார்?"

"இது," என்று மகள் காட்டினாள்.

அம்மா கட்டைவிரலை வைத்துத் தள்ளினாள். ஒன்றும் நடக்கவில்லை. "பயப்படாம தள்ளுங்கம்மா," என்றார் நொட்டைக்காரர். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினாள். பிறகு இழுத்தாள். தள்ளினாள்.

டிக்.

"அசையுது," என்றாள் அம்மா.

இன்னொரு முறை தள்ளிப் பார்த்தாள். அப்புறம் கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலின் ஓரத்தில் கறுப்பாக ஒட்டியிருந்தது. மகள் துடைக்கிற துணியை எடுத்து நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. அந்த விரலை மட்டும் எதிலும் படாமல் தனியே பிடித்துக்கொண்டு, வந்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்குள் போனாள்.